கடற்கயாக் கூடாரம்

கடலோரமாகக் கயாக்கில் பல நாள் பயணம் செய்பவர்கள், இரவில் கரையில் தங்குவதற்காகப் படகுக்குள் வைத்து எடுத்துச் செல்லும் எடை குறைந்த கூடாரம். ஒருவரோ இருவரோ படுக்கும் அளவில், பெரும்பாலும் 1 முதல் 3 கிலோ எடையில் இருக்கும். மலையேறிகளுக்கும் மிதிவண்டிப் பயணிகளுக்கும் செய்யப்படுபவற்றிலிருந்தே கயாக்கர்களும் பொதுவாகத் தேர்ந்துகொள்கிறார்கள்.

வரலாறு

கயாக் பிறப்பால் வேட்டைப் படகு. ஆர்க்டிக் கரைகளின் இனுயிட் மக்கள், கடலில் மிதந்து ஒதுங்கிய மரத்தால் சட்டம் கட்டி, சீல் தோலைப் போர்த்தி அதைச் செய்தார்கள். கோடையில் இடம்பெயரும்போது குடும்பத்தையும் தோல் கூடாரங்களையும் சுமந்தது உமியாக் என்னும் பெரிய திறந்த படகு. கயாக்குக்குள் கூடாரம் நுழைந்தது ஐரோப்பியர் அதைப் பொழுதுபோக்காக்கிய பிறகுதான்.

ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மக்ரெகர் 1865இல் ‘ராப் ராய்’ என்ற சிறு படகில் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றினார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட பயண நூல் இங்கிலாந்தில் பலரைத் துடுப்பெடுக்க வைத்தது. ஆனால் அவர் பெரும்பாலும் விடுதிகளில் தங்கினார். பிற்பாடு யோர்தான் ஆற்றுப் பயணத்தில் படகின் மேலேயே துணி கட்டி உள்ளே உறங்கினார். கூடாரத்தைச் சிறு படகின் சரக்காக்கியவர்களில் ஒருவர் லண்டன் தையற்காரர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங். 1870களில் ஸ்காட்லாந்து நீர்வழிகளில் படகும் கூடாரமுமாகச் சுற்றிய அவர், 1897இல் அயர்லாந்தின் கொனமாராவில் மிதிவண்டியோடு முகாமிட்டார். பட்டுத்துணி, மூங்கில் கம்பு என எடையைக் குறைக்கும் வழிகளைத் தேடி, 1908இல் முகாம் வாழ்க்கைக்கு ஒரு கையேடே எழுதினார். இவரது கூடார அறிவின் வேர் மிதிவண்டியில் அல்ல, படகில் இருக்கிறது. இவரைப் பற்றி எழுதுவோர் இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

ஜெர்மனியிலும் ஒரு தையற்காரர்தான் முன்னால் நிற்கிறார். ஆல்ஃபிரட் ஹாய்ரிச் 1905இல் வடிவமைத்த மடக்குக் கயாக்கின் உரிமையை ரோசன்ஹைம் நகரத்துத் தையற்காரர் யோஹான் கிளெப்பர் வாங்கினார். அவரது நிறுவனம் படகோடு மழையங்கியும் கூடாரமும் விற்றது. இம்மூன்றும் ஊசிநூல் தெரிந்தவர் கைக்கு இயல்பாக வரக்கூடியவை.

1935இல் டூபான்ட் ஆய்வகத்தில் உருவான நைலான், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பருத்திக் கித்தானைப் பின்தள்ளியது. 1975இல் நார்த் ஃபேஸ் நிறுவனம், வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் கட்டுமானக் கொள்கையைத் தழுவிக் குவிமாடக் கூடாரம் ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டு ஒரு பிரிட்டிஷ் குழு நார்வேயின் வடமுனை நோக்கித் துடுப்புப் போட்டது. அதற்காக ஃபிராங்க் குட்மன் வடிவமைத்த நார்ட்கேப் கயாக்கில், முன்னும் பின்னும் நீர்புகாத் தடுப்புச் சுவர்களும் மூடியிட்ட சரக்கறைகளும் இருந்தன. அன்றிலிருந்து கூடாரத்தின் அளவைத் தீர்மானிப்பது அந்த அறைகளின் வாய்தான்.

தேர்வு

மலை நடையாளர் கிராம் கணக்குப் பார்க்கிறார். கயாக்கருக்கு எடை அவ்வளவு முக்கியமில்லை. ஒன்றரைக் கிலோவுக்கும் இரண்டரைக் கிலோவுக்கும் உள்ள வேறுபாட்டை நீர் தாங்கிக்கொள்ளும். வற்றிய கடலில் கரையேறி, பாசி படிந்த பாறைகளின் மேல் மூட்டைகளைச் சுமக்கும் அரைமணி நேரத்தில் மட்டும் அது உறைக்கும். சுருட்டிய பருமனே முதற்கவலை. வட்ட வாய் சுமார் 20 செ.மீ. விட்டமே உடையது, நீள்வட்ட வாய் கொண்ட படகுகளில் சற்றுத் தாராளம். எனவே கடைக்காரர் தரும் ஒற்றைப் பையை விட்டுவிட்டு, உள்துணி, மேல்துணி, கம்பு மூன்றையும் தனித்தனியாக நுழைக்கிறார்கள். ஈர மேல்துணிக்குத் தனி நீர்புகாப் பை வேண்டும். கம்புகள், படகின் பின்னடியில் இறக்கி ஏற்றும் சிறு பலகையின் பெட்டியை ஒட்டிய இடுக்கில் படுத்துக்கொள்ளும். துண்டுகள் நீளமாக இருந்தால் அங்கே போகாது.

வடிவத்தில் சுரங்க வகையே கடற்கரைக்கு உகந்தது. காற்றை நோக்கி முனையைத் திருப்பிக் கட்டினால் அது பணிந்து நிற்கும். ஸ்வீடனின் ஹில்லபெரி நிறுவனம் 1970களில் கொண்டுவந்த முறையில் உள்துணியும் மேல்துணியும் சேர்ந்தே எழுவதால், மழையில் கட்டும்போதும் படுக்கை நனையாது. தானே நிற்கும் குவிமாடம் பாறைத்தளத்துக்கு வசதி என்பார்கள்; ஆனால் முளை அடிக்க முடியாத இடத்தில் இழுகயிற்றைக் கல்லில் கட்டினாலே சுரங்கக் கூடாரமும் நிற்கும். மணலில் மெல்லிய முளைகள் பிடிக்காது. அகன்ற முளையோ, கயிறு கட்டிப் புதைத்த மணற்பையோ தேவை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கோடை மாலைகளில் மொய்க்கும் மிட்ஜ் பூச்சி சாதாரணக் கொசுவலைக் கண்ணிலும் புகும்; அங்கே உள்துணியின் வலை மிக நுண்ணியதாக இருக்க வேண்டும்.

துணியில் நைலான் வலுவானது, ஆனால் நனைந்தால் தொய்யும். பாலியஸ்டர் தொய்வதில்லை, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் மூட்டையாகக் கிடந்தால் காலப்போக்கில் பிசுபிசுத்து உரியும். சிலிக்கான் பூச்சில் அத்தொல்லை இல்லை. உப்பு ஜிப்பையும் அலுமினியக் கம்பின் பொருத்துகளையும் அரிக்கும். நன்னீரில் அலசிக் காயவைத்தால் போதும்.

இன்றைய நிலை

1992 அமெரிக்கா கோப்பைப் படகுப் போட்டியின் பாய்களுக்காக உருவான துணி, இப்போது டைனீமா என்ற பெயரில் ஒரு கிலோவுக்கும் குறைந்த கூடாரங்களாக விற்கிறது. விலை மிக அதிகம். கரையில் முகாமிடும் உரிமை நாட்டுக்கு நாடு மாறும்: ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறது, நார்வேயில் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும்.