கான்சாகிபு: புகழுக்கு ஏற்ற தளபதியா?

1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப்கானின் உடலைத் துண்டாக்கிப் பல ஊர்களில் புதைத்தார்கள். ஒரு கால் தேனியை அடுத்த பெரியகுளத்தில் அடக்கமானது என்பது வழிவழிச் செய்தி. கான்சாகிபு என்றும் மருதநாயகம் என்றும் மக்கள் கொண்டாடும் இவர், உண்மையிலேயே பெரிய தளபதியா?

விரைந்து பாய்வதில் அவருக்கு நிகரில்லை. திருச்சி முற்றுகையில் எதிரிகளுக்கு நடுவே, தாம் பணியாற்றிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு உணவு கொண்டுவந்து சேர்த்தார். 1758–59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை வளைத்தபோது, பிரெஞ்சுப் படைக்கு வரும் பொருள்களை வழிமறித்துத் திணறடித்தார்.

கோட்டைப் போர் அத்தனை எளிதாக இருக்கவில்லை. 1759இல் வாசுதேவநல்லூரில் பாளையக்காரரான பூலித்தேவனின் படை அவரைத் துரத்தியது. 1761இல் பெரிய பீரங்கிகளோடு திரும்பி வந்துதான் பூலித்தேவனின் கோட்டைகளைப் பிடித்தார்.

ஆனால் காக்கும் கலையில் அவர் தேர்ந்தவர். கம்பெனியையே பகைத்துக்கொண்ட பின், 1764 ஜூன் 26 அன்று அதன் மேஜர் கேம்பல் மதுரைக் கோட்டை மீது நடத்திய பெருந்தாக்குதலை முறியடித்தார். பசியும் உள்ளிருந்தவர்களின் துரோகமுமே அவரை வீழ்த்தின.

அவருடைய பெரும்பிழை அரசியலில் நேர்ந்தது. கம்பெனியையும் ஆர்க்காட்டு நவாப் முகமது அலியையும் ஒருசேரப் பகைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரரை நம்பினார். அவர்களோ 1761இலேயே புதுச்சேரியை இழந்திருந்தார்கள். தளபதி என்ற புகழ் அவருக்கு முழுக்கத் தகும். தொலைநோக்குள்ள ஆட்சியாளர் என்ற புகழ் தகாது.