கோடைப்பள்ளியும் சர்க்கார் பணமும்: மிசிசிப்பிக் கதை

எங்கள் சேரியில் மே மாதம் நடக்கிற பத்து நாள் கோடை முகாமுக்குப் போன வருசம் ஒரு தொண்டு நிறுவனம் பணம் தந்தது. பணத்துக்கு முன்னால் ஒரு படிவம் வந்தது. 'கற்பிப்போர் கல்வித் தகுதி' என்று அதில் ஒரு கட்டம். என் பெயருக்கு நேரே எம்.ஏ. தமிழ் என்று எழுதினேன், மதிப்பூதியம் கிடைத்தது. ஆனால் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, பாட்டுக் கட்டி முகாமைத் தூக்கி நிறுத்தியவர் எங்கள் தெரு அக்கா ஒருத்தர். துப்புரவு வேலை பார்க்கிறவர், நாலாவதோடு நின்றவர். அவரை 'உதவியாளர்' என்று போடச் சொன்னார்கள். பறை வேண்டாம், ஓவியம் கராத்தே போதும் என்றும் சொன்னார்கள். சரி என்று தலையாட்டிவிட்டோம். அந்தச் 'சரி' இன்னும் உறுத்துகிறது.

வெளிப் பணத்தை வாங்கலாமா கூடாதா என்கிற சண்டை நமக்குப் புதிதில்லை. இரண்டு பக்கமும் நின்று நானே பேசியிருக்கிறேன். இதே சண்டையை நமக்கு முன்னால் போட்டவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அவர்களிடமிருந்துதான் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அங்கே கறுப்புச் சிறுத்தைகள் கட்சி 1966இல் தோன்றுவதற்கு ஒரு வருசம் முன்னாலேயே, மிசிசிப்பியின் பருத்திக் காட்டுக் கூலிகள் அரசாங்கப் பணத்தில் ஒரு கோடைப்பள்ளி நடத்திக் காட்டினார்கள். நாம் பேசாமல் விட்ட கதை அது.

அதற்கும் முந்தின கோடையிலிருந்து தொடங்கணும். 1964இல் மிசிசிப்பி முழுக்க நாற்பதுக்கு மேற்பட்ட விடுதலைப் பள்ளிகள் நடந்தன. யோசனை சார்லஸ் காப் என்ற கறுப்பு இளைஞருடையது. கறுப்பர் வரலாறு, ஓட்டுரிமை, எழுத்து, வாசிப்பு. பிள்ளைகளோடு பெரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அரசு ஒரு காசு தரவில்லை. வடக்கிலிருந்து வந்த மாணவத் தொண்டர்கள் ஜாமீனுக்கென்று ஆளுக்கு 500 டாலர் கையோடு கொண்டுவர வேண்டியிருந்தது. நெஷோபா மாவட்டத்தில் பள்ளிக்கு இடம் தர ஒத்துக்கொண்ட மவுண்ட் சயன் தேவாலயத்தை ஜூன் மாதம் கொளுத்தினார்கள். எரிந்த இடத்தைப் பார்க்கப் போன சேனி, குட்மன், ஷ்வெர்னர் மூவரையும் ஜூன் 21 இரவு கொன்று மண் அணைக்குள் புதைத்தார்கள். ஒரு கோடைப்பள்ளிக்கு இவ்வளவு!

அடுத்த வருசம் நிலைமை மாறியது. ஜான்சன் அரசு 'வறுமை மீதான போர்' என்று அறிவித்து, ஏழைக் குழந்தைகளுக்கு 'ஹெட் ஸ்டார்ட்' என்ற எட்டு வாரக் கோடைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இயக்கத்துக்குள் பலருக்கு இதில் விருப்பமில்லை. நம்மை அடித்த கையிலிருந்தே பணமா என்று கேட்டார்கள். டாம் லெவின் என்ற நியூயார்க் உளப்பகுப்பாய்வாளரும் இயக்கத்தார் சிலரும் சேர்ந்து மிசிசிப்பி குழந்தை வளர்ச்சிக் குழுவைத் தொடங்கி விண்ணப்பம் போட்டார்கள். இங்கே ஒரு நுணுக்கம். மாநில ஆளுநர் நினைத்தால் இந்த மானியத்தைத் தடுக்கலாம். ஆனால் கல்லூரிக்குப் போகிற மானியத்தைத் தடுக்க முடியாது. அதனால் மேரி ஹோம்ஸ் என்ற கறுப்பர் கல்லூரியின் பெயரில் பணத்தை இறக்கினார்கள். 14 லட்சம் டாலர் அளவுக்கு வந்தது. 84 மையங்கள், ஆறாயிரம் பிள்ளைகள் அளவுக்கு.

விசயம் பிள்ளைகளோடு நிற்கவில்லை. ஆசிரியர்களாக உட்கார்ந்தது யார் தெரியுமா? வெள்ளையர் வீட்டுச் சமையற்காரிகள், வண்ணார வேலை செய்தவர்கள், பருத்திக் காட்டில் களை வெட்டியவர்கள். பலரும் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். காட்டில் நாள் முழுக்க வெயிலில் நின்றால் மூன்று டாலர். இங்கே வாரத்துக்கு ஐம்பது டாலருக்கு மேல். மையத்தை எங்கே வைப்பது, யாரை வேலைக்கு எடுப்பது எல்லாம் அந்தந்த ஊர்க் கமிட்டி முடிவு. பிள்ளைகள் சொன்ன கதைகளை அவர்கள் பேச்சிலேயே எழுதிப் புத்தகமாகப் போட்டார்கள். பண்ணையாரை நம்பிப் பிழைக்காத ஒரு கறுப்புக் கூட்டம் கிராமத்தில் உருவாகிவிட்டது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

செனட்டர் ஜான் ஸ்டென்னிஸ் நிதி ஒதுக்கும் கமிட்டியில் இருந்தவர். அவர் கணக்குக் கேட்டார். கார் வாடகை ஏன் இவ்வளவு, சம்பளம் வாங்கியவர்கள் ஊர்வலத்தில் என்ன செய்தார்கள் என்று தணிக்கையாளர்கள் வந்து குடைந்தார்கள். கணக்கில் குளறுபடி இருந்ததும் உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. எழுத்தறிவே மறுக்கப்பட்டவன் முதல் தடவை பேரேடு எழுதினால் ரசீது நாலு தவறத்தான் செய்யும். ஆனால் அந்த மாநிலத்தில் பெரிய பண்ணைகள் பருத்தி மானியமாகச் சர்க்கார் பணத்தை வாங்கிக்கொண்டுதான் இருந்தன. அவர்கள் யாரோடு ஊர்வலம் போனார்கள் என்று எந்தச் செனட்டரும் கேட்கவில்லை.

கோடை முடிந்ததும் பணம் நின்றது. பல ஊர்களில் மையத்தை மூடவில்லை, சம்பளமில்லாமல் நடத்தினார்கள். 1966 பிப்ரவரியில் 48 குழந்தைகளைப் பேருந்தில் வாஷிங்டனுக்குக் கூட்டிப்போய் நாடாளுமன்றக் கமிட்டி அறையிலேயே வகுப்பு நடத்திக் காட்டினார்கள். அந்த மாதமே 56 லட்சம் டாலர் கிடைத்தது. அக்டோபரில் மறுபடி வெட்டு. இந்தத் தடவை தந்திரம் வேறு. வெள்ளை மிதவாதிகளையும் கறுப்பர் தலைவர்கள் சிலரையும் சேர்த்து 'மிசிசிப்பி ஆக்சன் ஃபார் புராக்ரஸ்' என்று புது அமைப்பை உண்டாக்கி அதற்குப் பணத்தைத் திருப்பினார்கள். நம் ஊரிலும் பார்த்த காட்சிதானே! எதிர்ப்பு கிளம்பவே 1967 தொடக்கத்தில் பழைய குழுவுக்கும் கொஞ்சம் தந்தார்கள். அதற்கப்புறம் அது நெடுநாள் நிற்கவில்லை.

பணம் வாங்கியதால்தான் அழிந்தது என்று நம் தோழர்கள் சிலர் சொல்லுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாங்காமல் நடத்திய பள்ளியையும் கொளுத்தத்தானே செய்தார்கள். சமையற்காரியை ஆசிரியர் என்று காகிதத்தில் எழுதி, அந்தச் சம்பளத்தைச் சர்க்காரிடமே வாங்கினார்களே, அதுதான் என்னைப் பிடித்து உலுக்குகிறது. நாங்கள் ஒரு கட்டத்துக்குப் பயந்து அக்காவை உதவியாளர் ஆக்கினோம்.

இந்த வருசப் படிவம் வந்தபோது அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பளைங்க மறுபடி பருத்திக் காட்டுக்கே போயிட்டாங்களா தம்பி?" என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: ஹெட் ஸ்டார்ட் இன்றைக்கும் நடக்கிறது. அந்தப் பெண்களில் சிலர் அதிலேயே தொடர்ந்தார்கள், சிலருக்கு ஊரில் வேலை தர ஆளில்லாமல் போனது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

படிவத்தில் அவர் பெயரை முதலில் எழுதி, 'ஆசிரியர்' என்று போட்டு, தகுதிக் கட்டத்தில் 'நாலாம் வகுப்பு; இருபது வருசமாக இந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர்' என்று எழுதியிருக்கிறோம். பயிற்சிப் பட்டியலில் பறையும் இருக்கிறது. நிறுவனத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. வீட்டுக்கு இருபது ரூபாய் என்று தெருவில் வசூல் ஆரம்பித்துவிட்டோம்.