சீமெந்துக்கு ஒரு தீர்வை: பாதுகாக்கப்பட்டவர் யார்?

மலிவான இறக்குமதிக்கு எதிராக அரசு தலையிட வேண்டும் என்ற குரல் எழும்போதெல்லாம் தொழிலாளரின் பெயரே முன்னால் நிறுத்தப்படுகிறது. ஒரு காலத்தில் விரிவுரை மண்டபத்தில் நானும் அவ்வாறே கற்பித்தேன். இன்று தொழிற்சாலையில் வேலை செய்பவன் என்ற வகையில் அதனை மீள்பரிசீலனை செய்ய விரும்புகிறேன்.

ஒரு பொருளைச் சொந்த நாட்டில் விற்பதிலும் குறைந்த விலைக்கு அந்நியச் சந்தையில் தள்ளுவதையே பொதுவாக 'டம்பிங்' என்கிறார்கள். இதற்கெதிரான முதற் சட்டத்தை 1904இல் கனடா இயற்றியது. அமெரிக்க உருக்குத் தண்டவாளங்களே அன்றைய பிரச்சினை. பின்னாளில் அமெரிக்காவும் இதே ஆயுதத்தைக் கையிலெடுத்தது.

1982இல் மெக்சிக்கோ கடன் நெருக்கடியில் வீழ்ந்தது. அங்கு கட்டட வேலைகள் சுருங்க, மிஞ்சிய சீமெந்து எல்லை கடந்தது. புளோரிடா தொடக்கம் கலிபோர்னியா வரையிலான தென்பகுதி உற்பத்தியாளர்கள் 1989இல் முறையிட்டனர். 1990இல் தீர்வை விதிக்கப்பட்டது. செமெக்ஸ் கம்பனிக்கு அது ஏறத்தாழ 58 வீதம். முறைப்பாட்டுக்குப் பிராந்திய உற்பத்தியாளரின் போதிய ஆதரவு உண்டா என்பதை அமெரிக்கா சரிபார்க்கவில்லை என 1992இல் 'காட்' விசாரணைக் குழு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு ஏற்கப்படாமல் அமெரிக்கா தடுத்துவிட்டது.

அடுத்து நடந்ததுதான் முக்கியமானது. முறையிட்டவர்களுள் ஒன்றான சவுத்டவுன் கம்பனியை 2000இல் செமெக்ஸ் ஏறத்தாழ 280 கோடி டொலருக்கு வாங்கியது. வழக்காளியும் எதிராளியும் ஒரே முதலாளியின் கீழ் வந்தனர்; தீர்வையோ அப்படியே இருந்தது. அதன் சுமை, வீடு கட்டியவர்கள் கொடுத்த விலையிலும் ஏறியது. 2005இல் கத்ரீனா சூறாவளி நியூ ஓர்லியன்ஸ் நகரைச் சிதைத்து, சீமெந்துத் தட்டுப்பாடு பெரிதாகப் பேசப்பட்ட பின்னர்தான் பிடி தளர்ந்தது. 2006 உடன்படிக்கை தொன்னுக்கு சுமார் 26 டொலராக இருந்த தீர்வையை 3 டொலராகக் குறைத்து, ஆண்டுக்கு 30 இலட்சம் தொன் என்ற எல்லையையும் வகுத்தது. 2009இல் தீர்வை முற்றாக நீங்கியது.

பாதுகாப்பே வேண்டாம் என்பதல்ல என் வாதம். குவிக்கப்படும் மலிவுப் பொருள் ஓர் ஊரின் பிழைப்பையே அழிக்கக்கூடும். தொழிலுக்கு நேர்ந்த பாதிப்பை அளக்கும்போது வேலையிழப்பும் கணக்கில் எடுக்கப்படுகிறது. ஆனால், தீர்வையால் உயரும் இலாபத்தில் ஒரு பங்கு கூலிக்குப் போகவேண்டும், ஆட்குறைப்புச் செய்யக்கூடாது என்ற நிபந்தனை எதுவும் முதலாளிக்கு விதிக்கப்படுவதில்லை. முறைப்பாட்டில் எங்களை எண்ணுகிறார்கள்; பலனைப் பங்கிடும்போது மறந்துவிடுகிறார்கள்.

நிபந்தனையற்ற பாதுகாப்பைத் தொழிலாளர் அமைப்புகள் ஆதரிக்கலாமா? இதனை வாசகரின் விவாதத்துக்கு விடுகிறேன்.