ஆவாரம்பட்டையும் கமலைக்கூனையும்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சீனிவாசப் பெருமாளைச் சேவிக்கத் திருவண்ணாமலையில் கூட்டம் நெரியும். (அருணாசலேசுவரர் ஊரை எண்ணிக்கொள்ளும் வெளியூர் வாசகர்கள் பொறுத்தருள்க, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, தென்திருப்பதி என்று எங்கள் பக்கத்தார் அழைக்கும் குன்று இது.) இப்பக்கத்துத் தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் ஆவாரையைப் பொங்கலன்று காப்புக் கட்டத் தேடுவோம். சங்கப் பாடல் நடத்துகையில், மடலேறுவோன் சூடும் ஆவிரை இதுவே என்று மாணவர்க்குச் சொல்வோம். இச்செடியின் பட்டையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆங்கிலேயர் இதற்கு இட்ட பெயரோ பட்டையை வைத்தே அமைந்தது: 'டானர்ஸ் காசியா', அதாவது தோல் பதனிடுவோரின் கொன்றை.

உரித்த தோலை அப்படியே விட்டால் அழுகும். காயவிட்டால் பலகையாய் விறைக்கும். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரும் சதையும் நீக்கி, ஆவாரம்பட்டை ஊறிய துவர்நீரில் பல நாள் இட்டால் பட்டையின் துவர்ச்சத்து தோலின் இழைகளோடு பிணைந்து அழுகலைத் தடுக்கும். பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். அதனைத் தடுக்க இறுதியில் கடுக்காய் நீர் காட்டி, எண்ணெய் பூசி உலர்த்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலண்டன் சந்தைக்குக் கப்பலேறி, 'கிழக்கிந்தியத் தோல்' என்று பெயர் பெற்ற சரக்கு இதுதான். அங்கே அதற்கு மெருகேற்றிக் காலணியும் பையும் செய்தார்கள். அரைகுறையாய்ப் பதனிட்டதை அனுப்பிவிட்டு முழுச் சரக்கை விலைகொடுத்து வாங்கும் இந்த ஏற்பாடு, விடுதலைக்குப் பின்னும் கால் நூற்றாண்டு நீடித்தது. 1972-இல் சீதாராமையா குழு பரிந்துரைத்த பின்னரே பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது.

ஆவாரைத் தோலுக்கு ஒரு குறை உண்டு. ஓயாமல் தண்ணீரில் கிடந்தால் துவர்ச்சத்து கரைந்து வெளியேற, தோல் நைந்துவிடும். இக்குறை எங்கள் கரிசல் சீமையை நேரடியாகத் தொட்டது. கமலை இறைப்பை இன்றைய இளைஞர் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். மாடுகள் சரிவில் இறங்கக் கிணற்றிலிருந்து கூனை மேலேறும். அதன் அடியில் தோலால் தைத்த நீண்ட வால் ஒன்று தொங்கும். கூனையை வடமும், வாலின் நுனியை வால்கயிறும் இழுக்கும். ஏறும்போது மடிந்து நிற்கும் வால், மேலே வந்ததும் நிமிர்ந்து தண்ணீரைத் தொட்டியில் கொட்டும். அந்த வால் கிழிந்தால் அன்றைய பாய்ச்சல் நின்றது.

இதைக் கவனித்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியரான இவர், 1903-இல் அரசு உதவியோடு குரோம் உப்பால் பதனிடும் சோதனைகளைச் சென்னையில் தொடங்கினார். நாள்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடியும். தோலும் தண்ணீருக்கு அசையாது. உழவனின் நீரிறைக்கும் தோலைப் பல காலம் உழைக்கச் செய்வதே அவருடைய முதன்மை நோக்கங்களுள் ஒன்று. நவீனத் தொழில்நுட்பம் என்றதும் நாம் நினைப்பது ஆலையையும் இரயிலையும். இங்கே அது ஏற்றக்கிணற்றைத் தேடி வந்தது என்பது எனக்கு வியப்பளிக்கிறது. ஆனால் அரசே தொழில் நடத்துவதைத் தனியார் முதலாளிகள் விரும்பவில்லை, இலண்டனும் ஏற்கவில்லை. 1910-இல் அந்தத் தொழிற்சாலை ரீவா மகாராஜாவுக்கு விற்கப்பட்டது. பின்னர்ப் பல்லாவரத்தருகே சேம்பர்ஸ் என்பவர் நிறுவிய குரோம் லெதர் கம்பெனி, குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரையே விட்டுச் சென்றிருக்கிறது. கமலையோ, மின்சாரப் பம்புசெட்டுகள் வந்து மறைந்தது.

அந்தத் தோல்வாலைத் தைத்த கைகளைப் பற்றியும் பேசவேண்டும். வயலுக்குப் பாயும் நீர் முழுவதும் அவர்கள் தைத்த தோலின் வழியே வரலாம். அவர்கள் மட்டும் ஊர்க்கிணற்றில் இறங்கக் கூடாது. ஊருக்கே செருப்புத் தைத்தவர்கள் மேலத்தெருவில் செருப்பணிந்து நடக்க முடியாது. தீட்டு என்பது தோலில் இருந்திருந்தால் மிருதங்கம் கோயிலுக்குள் சென்றிருக்குமா? பசுவும் ஆடும் எருமையும் ஆகிய மூன்றின் தோலும் அதில் உண்டே. பூமணியின் 'பிறகு' (1979) நாவலில், கரிசல் கிராமம் ஒன்றுக்குத் தோல்வேலை செய்ய வந்து சேரும் அழகிரி என்ற முதியவரின் வாழ்வு வழியாக இதனை ஆரவாரமின்றிக் காணலாம். சிலப்பதிகாரம் புகார் நகரத் தொழிலாளருள் தோல் தைக்கும் துன்னரையும் வரிசையில் வைத்துப் பேசுகிறது. அந்த வரிசையிலிருந்து அவர்கள் எப்போது ஊருக்கு வெளியே தள்ளப்பட்டார்கள் என்ற கேள்வியை நம் தமிழ்த்துறைகள் இன்னும் போதிய அளவு எழுப்பவில்லை என்பது என் எண்ணம்.

நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்ற இராசபாளையத்துக்கும் தோலோடு உறவுண்டு. முதல் ஆலை 1936-இல் எழுந்தது. அக்கால நூற்பு எந்திரங்களின் மேலுருளைகளுக்கு மெல்லிய ஆட்டுத்தோல் உறையிடுவது வழக்கம். பின்னர் செயற்கை இரப்பர் அவ்விடத்தைப் பிடித்தது.

குரோம் வேகத்தைத் தந்தது. பாலாற்றங்கரையில் கழிவையும் தந்தது. 1996 ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நலச்சங்க வழக்கில் உச்சநீதிமன்றம், மாசுபடுத்திய தமிழகத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் வழங்கப் பணித்தது. பட்டைத் தோலிலும் சுண்ணாம்புக் கழிவும் உப்பும் உண்டு. ஆகவே பழையது முழுத் தூய்மை என்று கொண்டாட நான் ஒருப்படேன்.

வீட்டில் உள்ள பொருள் எவ்வகை என்று அறிய, வெட்டு விளிம்பைப் பாருங்கள். உள்வரை சாயமேறாத குரோம் தோலின் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். பட்டைத் தோல் பழுப்பாக இருக்கும். மேற்பூச்சில்லாத பட்டைத் தோலில் ஒரு சொட்டு நீர் விட்டால் உடனே உறிஞ்சிக் கறுக்கும். இவ்வகைச் செருப்பு நனைந்தால் வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்கலாகாது. சூட்டில் சுருங்கி வெடிக்கும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு மிகச் சிறிதளவு தேய்க்கவேண்டும். மிகுதியாகப் பூசினால் தோல் தொளதொளத்துத் தையல் நெகிழும். குரோம் தோல் கொதிநீரையும் தாங்கக்கூடியது. ஆனால் ஐப்பசி மழையில் இரண்டுக்கும் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் உறையில் கட்டிவைப்பதே அதற்கு முதற்காரணம். காற்றுப் புகும் பருத்திப் பையில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்தால் போதும்.