மாறும் அமைப்புகளின் நிலைப்புத்தன்மை: கார்கீவ் முதல் காந்திகிராமம் வரை

ஊஞ்சலில் நின்று ஆடும் சிறுமி, ஊஞ்சல் தாழும் இடத்தில் நிமிர்கிறாள்; இரு ஓரங்களிலும் குந்துகிறாள். யாரும் தள்ளாமலே வீச்சு பெருகுகிறது. எந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தாலும் அது நிலைப்பான ஓர் ஊசல்தான். ஆனால் ஊசலின் பயனுறு நீளம் மாறிக்கொண்டே இருப்பதால் அதற்குள் ஆற்றல் ஏறுகிறது. காலத்தோடு மாறும் இயங்கு அமைப்புகளின் சிக்கல் முழுவதும் இந்த ஊஞ்சலில் இருக்கிறது.

நிலையாற்றல் மிகக் குறைவாக உள்ள இடத்தில் சமநிலை நிலைப்பானது என்று லக்ராஞ்சு 1788-இல் கூறினார். அதற்கு முறையான நிறுவலை டிரிக்லே 1846-இல் தந்தார். 1892-இல் கார்கீவில் பணியாற்றிய அலெக்சாந்தர் லியாப்புனோவ் தம் ஆய்வேட்டில் இக்கருத்தை விரிவாக்கினார். உண்மையான ஆற்றலே வேண்டியதில்லை. ஆற்றலைப் போல நடந்துகொள்ளும் ஒரு சார்பு கிடைத்தால் போதும். சமநிலையில் சுழியாகவும் மற்ற இடங்களில் நேர்மமாகவும் உள்ள அச்சார்பு, இயக்கத்தின் வழியே கூடாதிருந்தால் சமநிலை நிலைப்பானது. சமன்பாட்டைத் தீர்க்காமலே விடை கிடைக்கிறது. சார்பில் காலமும் ஒரு மாறியாக நுழைந்தால், அது காலத்தைச் சாராத ஒரு நேர்மச் சார்புக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேரும்.

அந்தந்தக் கணத்தின் ஐகன் மதிப்புகளைப் பார்த்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. போதாது. மார்க்கஸ், யமாபே இருவரும் 1960-இல் தந்த எடுத்துக்காட்டில் அணியின் ஐகன் மதிப்புகள் எக்காலத்திலும் மாறுவதில்லை. அவற்றின் மெய்ப்பகுதி எப்போதும் −1/4. ஆயினும் ஒரு தீர்வு அடுக்குக்குறி வேகத்தில் வளர்கிறது. சுழலும் அணியே அதற்குக் காரணம்.

தமிழகத்தில் இத்துறையின் ஒரு கிளை இயற்பியலில் வளர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி. எம். மேத்யூஸ், மு. லட்சுமணன் ஆகியோர் 1974-இல் ஒரு நேரியலற்ற அலையியற்றியை வெளியிட்டனர். அதன் தீர்வு எளிய சைன் அலையே. ஆனால் அதிர்வெண் வீச்சைப் பொறுத்தது. பின்னர் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலிருந்து கே. முரளி, லட்சுமணன் இருவரும் லியோன் சுவாவுடன் இணைந்து 1994-இல் ஓர் எளிய மின்சுற்றை வெளியிட்டனர். மின்தடை, மின்தூண்டி, மின்தேக்கி, சுவா டையோடு, ஒரு மாறுதிசை மூலம் ஆகியவை மட்டுமே அதில் உண்டு. மின்தடையில் ஆற்றல் இழக்கப்பட்டும் சுற்று அடங்குவதில்லை. கேயாஸ் இயக்கத்தில் தொடர்கிறது. இங்கே பயன்படும் அளவுகோலும் லியாப்புனோவின் பெயர் தாங்கிய அடுக்கு எண்தான்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில், சிறுமலை அடிவாரத்தில் உள்ள காந்திகிராம கிராமிய நிறுவனத்தின் கணிதத்துறை வேறு திசையில் சென்றது. பி. பாலசுப்பிரமணியமும் அவருடைய மாணவர்களும் காலத்தாமதம் கொண்ட நரம்பு வலையமைப்புகளை ஆராய்ந்தனர். இவற்றில் இன்றைய மாற்றத்தை முந்தைய நிலையும் தீர்மானிக்கிறது. ஆகவே இக்கணத்தின் ஆற்றல் மட்டும் போதாது. கடந்த இடைவெளி முழுவதையும் தொகையீடாகச் சேர்க்க வேண்டும். சோவியத் கணிதவியலாளர் கிராசோவ்ஸ்கி 1950-களில் காட்டிய வழி இது. முடிவில் கிடைக்கும் நிபந்தனையை நேரியல் அணிச் சமனின்மையாக எழுதிக் கணினியில் சோதிக்கலாம். உலகெங்கும் இவ்வகைக் கட்டுரைகள் குவிந்துள்ளன. பல, தாமத எல்லையைச் சற்றே உயர்த்துவதோடு நிற்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சமனின்மை நிறைவேறினால் அமைப்பு நிலைப்பானது. நிறைவேறாவிட்டால் நிலையற்றது என்று பொருளல்ல; தேர்ந்த சார்பு போதவில்லை என்பது மட்டுமே தெரியும்.