குவியப்படுத்தலில் கையும் கருவியும்: நெய்வேலிச் சுரங்கக் காலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் நிறுவப்பட்டு, மறு ஆண்டில் திறந்தவெளிச் சுரங்கப் பணி தொடங்கியபோது, தானாகக் குவியப்படுத்தும் கேமரா எதுவும் சந்தையில் இல்லை. பெருமளவில் விற்பனைக்கு வந்த அத்தகைய முதல் கருவியான கோனிகா சி35 ஏஎஃப் 1977இல்தான் வெளியானது. ஆகவே அச்சுரங்கத்தின் முதல் இருபது ஆண்டுப் படங்கள், குவியத்தைக் கையால் அமைத்தோ, அக்ஃபா கிளிக் 3 போன்ற நிலைக்குவியக் கேமராக்களாலோதான் எடுக்கப்பட்டிருக்க இயலும். குவியப்படுத்தல் என்பது தொலைவை அளத்தல், தெளிவாகத் தெரிய வேண்டிய பொருளைத் தேர்தல் ஆகிய இரு செயல்களின் கூட்டு. இவற்றுள் அளத்தல் விரைவாகவும் தேர்தல் மெதுவாகவும் கருவியிடம் சென்றதே இவ்வரலாற்றின் போக்கு.

1929இன் ரோலிஃப்ளெக்ஸ், தேய்த்த கண்ணாடித்திரையில் பிம்பத்தைக் காட்டியது. 1932இன் லைக்கா 2, இரு பிம்பங்கள் ஒன்றாகப் பொருந்தும்வரை வளையத்தைத் திருப்பச் செய்தது. கோனிகாவில் பொருத்தப்பட்ட ஹனிவெல் நிறுவனத்தின் மின்னணுப் பகுதி, இந்தப் பொருத்திப் பார்க்கும் வேலையையே கண்ணிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1985இல் மினோல்டா 7000, வில்லை மாற்றத்தக்க கேமராவின் உடலுக்குள்ளேயே உணரியையும் மோட்டாரையும் அமைத்தது. வில்லையின் இரு ஓரங்கள் வழியே வரும் ஒளியால் அமையும் பிம்பங்களின் விலகலைக் கணக்கிடும் இம்முறை, கட்ட வேறுபாட்டு முறை எனப்படும். இது பரவியபின், கைக்கு உதவிய பிளவுபிம்பத் திரைகள் கேமராக்களிலிருந்து மறைந்ததோடு, வில்லை வளையங்களின் சுழற்சித் தொலைவும் குறுகியது.

துறைதோறும் இம்மாற்றத்தின் விளைவு வேறுபட்டது. காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் மா. கிருஷ்ணன் (1912–1996), பல கருவிகளின் பகுதிகளை இணைத்துத் தாமே உருவாக்கி ‘சூப்பர் பாண்டரோசா’ எனப் பெயரிட்ட கேமராவைக் கொண்டு காட்டுவிலங்குகளைக் கருப்பு-வெள்ளையில் பதிவுசெய்தார். அக்காலத்தில் ஓடும் விலங்கையோ பறக்கும் பறவையையோ எடுக்க, அது வரக்கூடிய இடத்தில் முன்கூட்டியே குவியத்தை வைத்துக் காத்திருப்பது இயல்பான உத்தி. தொடர்ந்து பின்பற்றும் தானியங்கி முறை அக்காத்திருப்பைப் பெரிதும் குறைத்தது. மாறாக, திரைப்படத்தில் குவியம் ஒரு முகத்திலிருந்து மற்றொன்றுக்கு நகரும் நேரமும் வேகமும் கதைசொல்லலின் உறுப்புகள் என்பதால், அளவுநாடாவுடன் பணிபுரிந்து குவியத்தைக் கையால் இயக்கும் உதவியாளரான ஃபோகஸ் புல்லரின் தேவை நீடித்தது.

நெய்வேலிச் சுரங்கம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட களம். ஒளி-நிழல் வேறுபாடுள்ள விளிம்பைத் தேடியே உணரி இயங்குவதால், பக்கெட் வீல் அகழ்வு எந்திரத்தின் வாளிகளை அது எளிதில் பற்றும். ஆனால் ஒரே நிறமாக விரியும் நிலக்கரி முகப்பின் முன்னோ, மங்கிய இரவொளியிலோ தடுமாறக்கூடும், இடையில் மிதக்கும் புழுதியையே பொருளாகக் கொள்ளவும் கூடும். அசையாத நிலக்காட்சிக்கு, குறுகிய துளையும் கைக்குவியமும் சேர்ந்தால் அருகும் தொலைவும் ஒருங்கே தெளியும்.

தேர்வும் பெருமளவில் கருவியிடம் சென்றது அண்மைக் காலத்தில்தான். 2019இல் சோனி விலங்குகளின் கண்ணையும், ஒலிம்பஸ் ரயிலையும் விமானத்தையும் அடையாளம் காணும் வசதியை அளித்தன. மறுபுறம், கண்ணாடியில்லாக் கேமராக்கள், தெளிந்த விளிம்பை வண்ணமிட்டுக் காட்டியும் பிம்பத்தைப் பெருக்கியும் கைக்குவியத்துக்கு இழந்த துணையைத் திருப்பித் தந்தன. எனவே எம்முறை மேலானது என்பதைவிட, எடுக்கப்படும் காட்சியில் அளப்பது கடினமா, தேர்வது கடினமா என்பதே பயன்பாட்டைத் தீர்மானிக்கும் வினாவாகிறது.