குறும்பும் அதன் எல்லையும்

குறும்பு என்னும் சொல்லுக்கு இன்று துடுக்கு, சேட்டை என்று பொருள் கொள்ளப்படுகிறது. பழந்தமிழில் அது அரணையும், வேந்தர்க்கு அடங்காத குறுநிலத் தலைவரையும் குறித்தது. அரசனுக்குத் தொல்லை தரும் கொலைத்தொழில் குறும்பர் இல்லாததே நாடு என்பது வள்ளுவர் கருத்து (குறள் 735). போர்க்களத்துச் சொல் வீட்டு முற்றத்திற்கு வந்த பின்னும், பெரியதற்குச் சிறியது அடங்க மறுக்கும் அதன் உட்பொருள் மாறவில்லை. பாட்டியின் மூக்குக்கண்ணாடியை ஒளித்து வைக்கும் பேரனைக் குறும்பன் என்பர். பேரனை அழவைக்கும் பெரியவரை எவரும் அவ்வாறு அழைப்பதில்லை.

அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்வார்போல் பழித்தார் (புறம். 95). இவன் வேல்கள் மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மனையில் பொலிகின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். படையில்லாத புலவர் படையுடைய மன்னனிடம் காட்டிய குறும்பு அது.

அன்றாட வாழ்வின் குறும்பைக் கபிலர் குறிஞ்சிக்கலியில் காட்டுகிறார் (கலி. 51). சிறுபருவத்தில் மணல்வீட்டைச் சிதைத்தவன், வளர்ந்தபின் தண்ணீர் கேட்டு வந்து அவள் கையைப் பற்றுகிறான். அவள் அலறுகிறாள். அன்னை ஓடிவரவே, நீர் விக்கினான் என்று மறைக்கிறாள். அன்னை அவன் முதுகை நீவுகிறாள். அவன் கடைக்கண்ணால் நோக்கி நகைக்கிறான்.

இப்பாடலை இளைஞனின் துடுக்கிற்காகவே பாராட்டுவது வழக்கம். ஆயினும் தீர்ப்பு அவளிடமே இருந்தது என்பது நோக்கத்தக்கது. அலறலும் அவளுடையது, மறைத்த சொல்லும் அவளுடையது. அவளுக்காகப் பிறர் எவரும் அவனை மன்னிக்கவில்லை.

தமிழ்நாட்டில் ஒரு மாணவரின் கொலைக்குப் பின் 1997இல் கேலிவதைத் தடைச் சட்டமும், ஒரு மாணவியின் இறப்பிற்குப் பின் 1998இல் பெண்களைக் கேலி செய்வதைத் தடுக்கும் சட்டமும் இயற்றப்பட்டன. மூத்தோர் இளையோரையும், கூட்டமாய் நிற்போர் தனியே செல்பவளையும் துன்புறுத்திவிட்டு ‘விளையாட்டுக்குத்தானே’ என்றனர். அவ்வாறு சொல்லும் உரிமை துன்புற்றவர்க்கே உண்டு.

கவியரங்கத் தலைவர் கவிஞரைச் சீண்டி அழைப்பதும், கவிஞர் தலைவரைத் திருப்பிச் சீண்டுவதும் தமிழ் மேடையின் இனிய மரபு. அங்கே திருப்பிச் சொல்ல இருவர்க்கும் ஒலிவாங்கி இருக்கிறது. அஃது இல்லாதவரைச் சீண்டுமுன் கவிஞர் ஒருகணம் தயங்குதல் தகும்.